வட்ஸ்அப் குழுவா, கூட்டு விரிதாளா, தனி மென்பொருளா? கூடி முடிவெடுக்கும் கொழும்பு வணிகங்களுக்கான ஓர் ஒப்பீடு

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்தக் கடை, வெள்ளவத்தையில் சில்லறைக் கிளை, யாழ்ப்பாணத்தில் இன்னொரு கிளை, ரொறன்ரோவில் இருந்தபடி கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பங்காளி. கொழும்பில் தமிழர் நடத்தும் நடுத்தர அளவிலான இறக்குமதி, மொத்த விற்பனை நிறுவனங்கள் பலவும் ஏறத்தாழ இப்படித்தான் அமைந்திருக்கின்றன. முடிவெடுக்க வேண்டியவர்கள் ஆறேழு பேர் இருப்பார்கள். அவர்கள் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வது கல்யாண வீட்டிலோ ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளிலோதான். எந்த வங்கியில் எல்.சி. (இறக்குமதிக்கான வங்கி உத்தரவாதக் கடிதம்) திறப்பது, எந்த நாட்டுப் பருப்பை இறக்குவது, களஞ்சியத்தை எங்கே மாற்றுவது என்று இடைக்காலத்தில் எழும் கேள்விகளுக்கெல்லாம் ஏதோ ஒரு தகவல் தொழில்நுட்பத்தின் துணையோடுதான் விடை காண வேண்டியுள்ளது.

அத்தகைய நிறுவனத்துக்கு முன்னால் நான்கு வழிகள் உள்ளன. இப்போதுள்ள வட்ஸ்அப் குழுவையே தொடரலாம். மைக்ரோசொஃப்ட் டீம்ஸ், ஸ்லாக் போன்ற அலுவலகத் தளமொன்றுக்கு மாறலாம். லூமியோ போன்று முடிவெடுப்பதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருளை எடுக்கலாம். இணையப் படிவத்தையும் கூட்டு விரிதாளையும் இணைத்துத் தாமாகவே ஓர் ஒழுங்கை அமைத்துக்கொள்ளலாம். பத்து முதல் நாற்பது பேர் வரை வேலை செய்யும் நிறுவனத்துக்கு நான்காவது வழியே பொருந்தும் என்பது என் கணிப்பு. செலவு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. பெரியவர் வாய் திறந்த பிறகு மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளும் நம் வழக்கத்தை மிகக் குறைந்த ஆரவாரத்தோடு கடந்துபோக அது இடம் தருகிறது என்பதே பெரிய காரணம்.

கணினியின் துணையோடு குழு முடிவுகளைச் செம்மைப்படுத்தலாம் என்ற எண்ணம் வட்ஸ்அப்புக்கு வெகு காலம் முந்தியது. அதன் வேர் கணினிக்கு வெளியே, 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் வகுத்த டெல்பி முறையில் இருக்கிறது: நிபுணர்களிடம் தனித்தனியே கருத்துக் கேட்பது, பெயர்களை மறைத்துத் தொகுப்பது, அந்தத் தொகுப்பை அவர்களிடமே காட்டி மறுபடியும் கேட்பது. 1980களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே நூனமேக்கரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு கணினி வைத்த கூட்ட அறைகளை அமைத்தார்கள். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில், யார் எழுதியது என்று தெரியாதபடி, தம் கருத்தைத் தட்டச்சு செய்தார்கள். 1987 இல் மைக்கல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோப் என்ற உளவியலாளர் இருவர், கூட்டங்களில் யோசனைகள் குறைந்துபோவதற்கு முக்கிய காரணம், ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க நேர்வதே என்று காட்டினார்கள்.

இவற்றைவிடப் புறக்கோட்டைக்கு நெருக்கமானது 1985 இல் ஸ்டாசர், டைட்டஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே சுற்றிச் சுற்றிப் பேசுகின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் பேச்சுக்கு வராமலே போய்விடுகிறது என்பது அதன் சாரம். வாடகை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு லொறிச் சரக்கை இறக்க, மூடை தூக்கும் நாட்டாமைமாருக்கு எவ்வளவு கூலி போகிறது, மழை நாளில் எத்தனை மூடை நனைகிறது என்பது களஞ்சியப் பொறுப்பாளருக்கு மட்டுமே தெரியும். அவரோ கூட்டத்தில் கடைசி நாற்காலியில் அமர்ந்திருப்பவர்.

ஆகவே ஒரு கருவியை எடைபோடும்போது நான் நான்கு கேள்விகளைக் கேட்கிறேன். சிதறிக் கிடக்கும் தகவலை அது ஓரிடத்தில் சேர்க்கிறதா? ஒவ்வொருவரும் மற்றவர் முகம் பாராமல் தம் கருத்தைச் சொல்ல இடம் தருகிறதா? மாற்று வழிகளை ஒரே அளவுகோலால் ஒப்பிட உதவுகிறதா? எடுத்த முடிவும் அதன் காரணமும் ஓராண்டு கழித்துத் தேடினால் கிடைக்குமா? இந்த நான்கில் இரண்டாவதற்கே அதிக எடை கொடுக்கிறேன். மற்ற மூன்றையும் ஒரு நல்ல கணக்காளர் கருவியில்லாமலே ஓரளவு சமாளித்துவிடுவார்.

பேச்சு காற்றில் தொங்காமலிருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். புறக்கோட்டையில் உள்ள களஞ்சியத்தின் குத்தகை முடியப்போகிறது. கூட்டிய வாடகைக்கு அங்கேயே இருக்கலாம். புறக்கோட்டையில் இருந்த மெனிங் காய்கறிச் சந்தை போன வழியே பேலியகொடைக்குப் போகலாம். அல்லது இன்னும் தள்ளி வத்தளையில் பெரிய கட்டடம் ஒன்றை எடுக்கலாம்.

வட்ஸ்அப்பில் இது எப்படி நடக்கும் என்பது குழுவில் இருக்கும் எவருக்கும் தெரியும். இளையவர் ஒருவர் பேலியகொடைக் கட்டடத்தின் படங்கள் ஐந்தைப் போடுகிறார். கணக்காளர் வாடகைத் தொகையைத் தட்டச்சு செய்கிறார். சற்று நேரத்தில் பெரியண்ணாவிடமிருந்து மூன்று நிமிடக் குரல் பதிவு வருகிறது. வத்தளை தூரம், பேலியகொடையையே பேசி முடியுங்கள் என்பது அதன் பொருள். அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசை கட்டுகின்றன. களஞ்சியப் பொறுப்பாளர் “முதலாளி சொன்னால் சரிதான்” என்று எழுதுகிறார். வெள்ளிக்கிழமை என்பதால் நடுவே ஒரு முருகன் படமும் வருகிறது. ரொறன்ரோவில் விடியும்போது அங்குள்ள பங்காளி இவ்வளவையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, ஏற்கெனவே முடிந்துவிட்ட விடயத்தைக் கிளறுவானேன் என்று தானும் ஒரு கட்டைவிரலைப் போடுகிறார். முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, முடிவெடுத்தவர் ஒருவர்தான்.

இந்தக் குறையை 2022 நவம்பரில் வட்ஸ்அப்பில் வந்த வாக்கெடுப்பு வசதியும் தீர்ப்பதில்லை. பன்னிரண்டு தெரிவுகள் வரை கொடுக்கலாம் என்றாலும், யார் எதற்கு வாக்களித்தார் என்பது பெயரோடு எல்லோருக்கும் தெரியும். ஆகவே அது கட்டைவிரல் வரிசையைச் சற்று அழகாக அடுக்கிக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. பதிவு என்ற வகையிலும் வட்ஸ்அப் பலவீனமானது. செய்தியை அனுப்பியவர் சிறிது நேரம் வரை திருத்தலாம், அதைவிடக் கூடிய நேரம் வரை எல்லோர் பக்கத்திலிருந்தும் அழிக்கலாம். மறையும் செய்தி வசதியை யாராவது இயக்கியிருந்தால் 90 நாளுக்குள் எல்லாமே போய்விடும். குரல் பதிவில் சொன்ன தொகையைச் சொல்லால் தேட முடியாது. வேலையை விட்டுப் போனவரின் கைத்தொலைபேசியில் நிறுவனத்தின் பேச்சுவார்த்தை முழுவதும் அப்படியே இருக்கும். அதைத் திருப்பிக் கேட்க வழியில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் வட்ஸ்அப்பைக் கைவிடச் சொல்ல மாட்டேன். துறைமுகத்தில் கொள்கலன் தடுக்கப்பட்டிருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் ஆவணத்தை அனுப்ப வேண்டும் என்பது போன்ற அவசரத்தில் அதற்கு நிகரில்லை. லொறிச் சாரதி முதல் பணிப்பாளர் வரை எல்லோரிடமும் அது இருக்கிறது. அழைப்பு விடுக்கவும், நினைவூட்டவும், முடிவை அறிவிக்கவும் அது போதும். முடிவை அங்கே எடுப்பதுதான் சிக்கல். அதோடு, இந்த நாட்டில் அதை மட்டும் நம்பியிருப்பது பேராபத்து என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை: 2018 மார்ச் வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது வட்ஸ்அப்பும் சேர்ந்தே முடங்கியது. மின்னஞ்சலிலாவது இன்னொரு வழியை வைத்திருக்காத கடைகள் அந்த நாட்களில் கிளைகளோடு பேச வெறும் தொலைபேசி அழைப்பையே நம்பியிருக்க வேண்டி வந்தது.

இரண்டாவது வழியான அலுவலகத் தளங்களுக்கு வருவோம். ஸ்லாக் 2013 இல் வந்தது, 2021 முதல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம். டீம்ஸ் 2017 இல் வந்தது. இரண்டும் பேச்சைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கின்றன. களஞ்சியத்துக்கு ஒரு தடம், எல்.சி.க்கு ஒரு தடம் என்று இருப்பதால், முருகன் படம் குத்தகைப் பேச்சின் நடுவே வராது. கோப்புகள் உரையாடலோடு சேர்ந்திருக்கும், தேடினால் கிடைக்கும், வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை நிர்வாகி ஒரே சொடுக்கில் நீக்கலாம். ஐம்பது, நூறு பேர் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்யும் நிறுவனத்துக்கு இவை மிகவும் பொருத்தமானவை. கொழும்பின் மென்பொருள் நிறுவனங்கள் இத்தகைய தளங்களில்தான் இயங்குகின்றன.

ஆனால் நம் களஞ்சியக் கேள்விக்கு இவை புதிதாகத் தருவது குறைவு. பெரியண்ணாவின் கருத்து இங்கும் முதலில் வரும், பெயரோடு வரும். பின்னால் வரும் கட்டைவிரலின் நிறம் மட்டும் மாறும். கடைத்தளத்தில் நிற்பவர் நாள் முழுவதும் இன்னொரு செயலியைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பதும் கடினம். பாதிப்பேர் அங்கும் பாதிப்பேர் வட்ஸ்அப்பிலுமாகப் பேச்சு இரண்டாகக் கிழிந்துபோகும். ஒரு தளத்தில் பாதிப் பேச்சு இருப்பது எதிலும் இல்லாததைவிடக் கேடு, ஏனென்றால் பதிவு முழுமையாக இருக்கிறது என்ற பொய்யான நம்பிக்கையை அது தருகிறது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்திய செய்திகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், பதிவுக்காக அதை எடுப்பவர் பணம் கட்டியே ஆக வேண்டும். கட்டணம் டொலரில் என்பதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. தலைக்குப் பத்து டொலர் என்று ஒப்புக்கொண்ட நிறுவனம் இரண்டாயிரம் ரூபா கட்டிவந்த இடத்தில் மூவாயிரத்து அறுநூறு கட்ட நேர்ந்திருக்கும், ஒரு வசதியும் கூடாமல்.

மூன்றாவது வகை மென்பொருள்கள் எனக்கு மிகவும் பிடித்தவை, எனினும் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். லூமியோ 2012 இல் நியூசிலாந்தில் ஒரு கூட்டுறவு அமைப்பாகத் தொடங்கப்பட்டது. அதன் மூல நிரல் எவருக்கும் திறந்தது, வேண்டுமானால் நம் சேவையகத்திலேயே நிறுவிக்கொள்ளலாம். அதில் ஒரு முன்மொழிவை எழுதி, முடிவு நாளைக் குறித்து வெளியிட்டால், ஒவ்வொருவரும் உடன்படுகிறேன், விலகி நிற்கிறேன், உடன்படவில்லை, தடுக்கிறேன் என்ற நான்கில் ஒன்றைத் தெரிந்து காரணத்தையும் எழுதலாம். உடன்படவில்லை என்பதற்கும் தடுக்கிறேன் என்பதற்கும் இடையே கோடு போட்டது நுட்பமான வேலை: எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் நீங்கள் செய்யுங்கள் என்று ஒதுங்குவது வேறு, இதைச் செய்தால் நான் பங்காளியாக இருக்க மாட்டேன் என்பது வேறு. குடும்ப வணிகங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிடுவதால்தான். வாக்கெடுப்பு முடியும் வரை பெறுபேற்றை மறைத்துவைக்கவும் அதில் வழியுண்டு.

தயக்கம் எதற்கு என்றால், அது பேசிப் பழகிய சமநிலைக் குழுக்களுக்காகப் பிறந்த கருவி. நம் நிறுவனங்களில் ஆண்டுக்கு நாலைந்து பெரிய முடிவுகளே கூட்டாக எடுக்கப்படுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் செயலியின் கடவுச்சொல்லை யார் நினைவில் வைத்திருப்பார்? எழுபது வயதுப் பெரியப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்; அந்தச் சலிப்பிலேயே பேச்சு மறுபடி வட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடும். முப்பது பணிப்பாளர்களும் உபகுழுக்களும் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ என்னிடம் கேட்டால் லூமியோவையே சொல்வேன்.

மிஞ்சுவது படிவமும் விரிதாளும். கூகுள் படிவமோ மைக்ரோசொஃப்ட் படிவமோ, எதுவானாலும் சரி. இதன் உள்ளமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கருவி எளிமையானது என்பதால் அதை ஏனோதானோவென்று அமைத்துவிடும் ஆபத்து இதில்தான் அதிகம்.

முதற்கட்டத்தில் படிவம் ஒரேயொரு திறந்த கேள்வியைக் கேட்க வேண்டும்: களஞ்சியத்தை மாற்றுவது பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டும் தெரிந்த விடயம் என்ன? இதற்குக் கிடைக்கும் விடைகளில் இருந்தே அளவுகோல்கள் பிறக்க வேண்டும். வாடகை, லொறி நின்று இறக்கும் வசதி, வாங்க வருபவர் வந்து சேரும் எளிமை என்ற மூன்றோடு நின்றிருக்கும் பட்டியலில், களனி கங்கை ஓரத்து வெள்ள அபாயத்தையும் சேருங்கள் என்று யாரோ எழுதியிருக்கலாம். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் பட்ட பாட்டை அறிந்தவர் பேலியகொடையையும் வத்தளையையும் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார்.

இரண்டாம் கட்டம், அளவுகோல்களுக்கு எடை கொடுப்பது. நூறு புள்ளிகளை நான்கு அளவுகோல்களுக்கும் பங்கிடுங்கள் என்று கேட்டால் போதும். வாடகைக்கு 30, இறக்கும் வசதிக்கு 25, வருவோரின் எளிமைக்கு 25, வெள்ளத்துக்கு 20 என்று ஒரு பொதுப் பங்கீடு கிடைக்கும். இதை இடங்களுக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்பே முடித்துப் பூட்டிவிட வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு எடையைத் தொட அனுமதித்தால், தனக்குப் பிடித்த இடம் வெல்லும் வரை எடையை நகர்த்தும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வந்துவிடும். கூகுள் விரிதாளில் அந்தக் கட்டங்களை மட்டும் பாதுகாத்துவைக்கலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் அதன் பதிப்பு வரலாற்றில் நிற்கும்.

எடை கொடுப்பதற்கு இன்னும் நுணுக்கமான முறையொன்று உண்டு. தோமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை, அளவுகோல்களை இரண்டிரண்டாக எடுத்து, 1 முதல் 9 வரையான அளவில் எது எதைவிட எவ்வளவு முக்கியம் என்று கேட்கும். விடைகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்பதையும் கணக்கிட்டு, முரண்பாட்டு விகிதம் 0.10 ஐத் தாண்டினால் மறுபடி யோசிக்கச் சொல்லும். நான்கு அளவுகோல்களுக்கு ஆறு ஒப்பீடுகள் என்பதால் அது தாங்கக்கூடியது. எட்டு அளவுகோல்கள் என்றால் இருபத்தெட்டு ஒப்பீடுகள், அதற்குள் பெரியப்பா எழுந்து போயிருப்பார். புதிய தெரிவொன்றைச் சேர்த்ததும் பழைய தெரிவுகளின் வரிசை தலைகீழாக மாறக்கூடும் என்ற நெடுநாள் விமர்சனமும் அதன்மேல் உண்டு. நூறு புள்ளிப் பங்கீடே நமக்குப் போதும்.

மூன்றாம் கட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்துக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, ஒரு வரியில் காரணம் எழுதுகிறார்கள். இங்கேதான் விரிதாள் தன் வேலையைக் காட்டுகிறது, அதே சமயம் ஏமாற்றவும் செய்கிறது. ஐந்து பேர், வருவோரின் எளிமை என்ற அளவுகோலில் பேலியகொடைக்கு 9, 8, 2, 3, 8 என்று போடுகிறார்கள் என்று கொள்வோம். சராசரி 6. வத்தளைக்கு எல்லோரும் 6 போடுகிறார்கள். சராசரி அதுவும் 6. சராசரி மட்டும் தெரியும் விரிதாளில் இரண்டு இடமும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் வத்தளை பற்றி எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கிறார்கள், பேலியகொடை பற்றிக் குழு இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஆகவே சராசரிக்குப் பக்கத்தில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் ஒரு நிரலைச் சேர்த்து, இடைவெளி நான்கைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி அமைப்பது என் யோசனை. கூட்டம் அந்தச் சிவப்புக் கட்டங்களைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

அப்படிப் பேசும்போது 2 ஐயும் 3 ஐயும் போட்டவர்கள் எழுதிய காரணங்கள் வாசிக்கப்படும். அட்டனில் இருந்தும் பதுளையில் இருந்தும் வரும் சில்லறைக் கடைக்காரர், பருப்பை ஒரு கடையிலும் மிளகாயை அடுத்த கடையிலும் சீனியை எதிர்க்கடையிலும் நடந்தே பார்த்து வாங்கி, எல்லாவற்றையும் ஒரே லொறியில் ஏற்றி அனுப்புகிறார். ஒரு சாமானுக்காக மட்டும் அவர் பேலியகொடைக்கு வர மாட்டார் என்று ஒரு காரணம் இருக்கலாம். அதை எழுதியவர் கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கக்கூடும். பெரியண்ணாவின் குரல் பதிவுக்குப் பிறகு அவர் அதை வட்ஸ்அப்பில் எழுதியிருப்பாரா என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையக் கேள்வி. எழுதியிருக்க மாட்டார், அது அவர் கோழைத்தனமும் அன்று, மரியாதை. அந்த மரியாதையைக் குலைக்காமல் தகவலை மட்டும் வெளியே எடுப்பதற்குப் படிவம் உதவுகிறது. பெரியவருக்கும் இதில் ஓர் ஆதாயம் இருக்கிறது: தான் சொன்னதற்காக மற்றவர் ஒத்துக்கொண்டாரா, உண்மையிலேயே ஒத்துக்கொள்கிறாரா என்பதை அறிய அவருக்கு வேறு வழியே கிடையாது.

பெயர் மறைப்பு என்பது ஆறேழு பேருக்குள் அரைகுறையானதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்து நடை காட்டிக்கொடுக்கும். ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார், ஒருவர் சிங்களத்தில் எழுதுவார். படிவம் பதியும் நேரமே ஒருவரைக் காட்டிக்கொடுக்கலாம். ஆகவே மின்னஞ்சல் சேகரிப்பையும், பெறுபேற்றுச் சுருக்கத்தை எல்லோருக்கும் காட்டும் வசதியையும் நிறுத்திவிட்டு, வாக்கில்லாத ஒருவரிடம், கம்பனிச் செயலாளரோ வெளிக்கணக்காளரோ, படிவத்தின் பொறுப்பை ஒப்படைப்பது நல்லது. அவர் காரணங்களைப் பொதுநடையில் மறுபடி எழுதி, சிங்களத்தில் வந்ததைத் தமிழாக்கி, தமிழில் வந்ததைச் சிங்களமாக்கி விரிதாளில் இடுவார். இதற்கு அரை நாள் வேலை பிடிக்கும். அந்த அரை நாளைக் கொடுக்க மனமில்லாத நிறுவனம் இந்த வழியை எடுக்காமல் இருப்பதே மேல்.

எழுத்துரு விடயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய சரக்குப் பட்டியல்களும் வாடிக்கையாளர் பட்டியல்களும் பாமினி எழுத்துருவில் இருந்தால், அவற்றை இணைய விரிதாளில் ஒட்டியதும் தமிழ் போய் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் ஒருமுறை யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றியதை ஒருவர் கண்ணால் சரிபார்க்கவும் வேண்டும்.

பவர் பிஐ போன்ற தரவுப் பலகைகளையும் சிலர் இந்த வரிசையில் வைப்பார்கள். விற்பனையும் கையிருப்பும் எங்கே நிற்கின்றன என்பதை அவை அழகாகக் காட்டும்; அது நான் முன்னே வைத்த நான்கில் முதற் கேள்விக்கு மட்டுமே விடை. முடிவெடுக்கும் குழுவுக்குள் யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்பதை அவை தொடுவதேயில்லை.

முழுவதையும் இணையத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசைக்குக் கொழும்புத் தேயிலை ஏலம் நல்ல எதிர்வாதம். 1883 இல் தொடங்கிய அந்த ஏலம் கொவிட் காலத்தில், 2020 ஏப்ரலில், இணையத்துக்கு மாறியது. கேட்புகள்தான் திரைக்குப் போயின. மாதிரித் தேயிலையை ஊற்றி நாவால் சுவைத்து மதிப்பிடும் வேலை மேசையில்தான் நடக்கிறது. விதி ஏற்கெனவே தெளிவாக இருந்த பகுதியே இணையத்துக்கு இலகுவாகப் பெயர்ந்தது. நம் களஞ்சியக் கேள்வியிலும் அப்படியே: மதிப்பெண் போடுவதும் தொகுப்பதும் கணினியில் நடக்கட்டும், சிவப்புக் கட்டங்களைப் பேசித் தீர்ப்பது, ரொறன்ரோப் பங்காளி காணொளியில் சேர்ந்திருக்க, கடைக்குப் பின்னுள்ள அறையில் தேநீரோடு நடக்கட்டும். மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். 2022 இல் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நகரம் இது. கூட்டத்துக்கு முந்திய நாளே விரிதாளை அச்சிட்டு வைப்பது பழைமைவாதம் ஆகாது.

சட்டப் பக்கத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணு ஊடுசெயல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கும் கையொப்பங்களுக்கும் அங்கீகாரம் தருகிறது. ஆனால் அசையாச் சொத்து விற்பனை, கைமாற்று ஒப்பந்தங்களை அது விலக்கிவைக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்ற விதியோ 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. ஆகவே விரிதாள் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும், அது நிறுவனத்துக்குள்ளான தீர்மானத்தின் சான்று மட்டுமே. பணிப்பாளர் சபைத் தீர்மானத்தை 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் நிறுவனத்தின் அமைப்பு விதிகளும் கேட்கும் முறையில் தனியே எழுதிக் கையொப்பமிட்டு, அதனோடு விரிதாளின் அச்சுப் பிரதியை இணைத்துவைப்பது பொருத்தம். ஊழியர் சம்பளம், வாடிக்கையாளர் கடன் போன்றவை விரிதாளில் இருந்தால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். முடிவுக்குத் தேவையில்லாத பெயர்களை ஏற்றாமல் விடுவது அதைவிட எளிது.

முடிவுப் பதிவேடு என்று அதே விரிதாளில் ஒரு தாளை ஒதுக்குங்கள். திகதி, முடிவு, தள்ளிவைத்த தெரிவுகள், முக்கிய காரணம், எதிர்ப்பு ஏதும் இருந்தால் அதன் சாரம், எப்போது மீளாய்வது என்ற ஆறு நிரல்கள் போதும். எதிர்ப்பின் சாரம் என்ற நிரலை அழிக்கச் சொல்லி யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதை அழிக்கக் கூடாது, ஏனென்றால் மீளாய்வு நாளில் முதலில் வாசிக்க வேண்டியது அந்த நிரலைத்தான்.

நிறுவனம் வளர்ந்து, கணினி முன் வேலை செய்பவர்கள் ஐம்பதைத் தொட்டால், இந்தப் படிவத்தையும் விரிதாளையும் அப்படியே டீம்ஸுக்குள் கொண்டுபோகலாம். மைக்ரோசொஃப்ட் படிவத்தில் தொடங்கியிருந்தால் அந்த மாற்றம் இன்னும் இலகு. எதில் தொடங்கினாலும், கணக்கை வீட்டுப் பிள்ளை ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் திறக்க வேண்டாம். அவர் மெல்பேர்ணுக்குப் படிக்கப் போனதும் நிறுவனத்தின் பதிவேட்டுச் சாவியும் அவரோடு போய்விடும். நிறுவனப் பெயரில் ஒரு மின்னஞ்சல் எடுத்து, அதன் மீட்பு எண்ணாகக் கடையின் எண்ணைக் கொடுத்து, கடவுச்சொல்லை உறையில் இட்டுக் கம்பனிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு முதல் படிவத்தை அனுப்புங்கள்.